குறுக்கெழுத்தில் வளைந்த கோடு

முதலில் நான் சண்டைக்குப் போனது பேப்பர் போடுகிறவரிடம்தான். விடிந்ததும் சைக்கிளில் வந்து, பேப்பரைச் சுருட்டி கேட்டுக்கு மேலாக வீசிவிட்டுப் போகிற மனிதர். அன்றைக்கு அவரை நிறுத்தி, குறுக்கெழுத்துப் பக்கத்தை விரித்துக் காட்டினேன். பேப்பரை நனைத்து எடுத்து வந்திருக்கிறீர்கள், கட்டமெல்லாம் நெளிந்து கிடக்கிறது என்றேன். அவர் தடவிப் பார்த்தார். காய்ந்துதான் இருந்தது. எனக்கு அது போதவில்லை. போன மழையில் ஈரப் பேப்பர் போட்டது, பொங்கல் மலரைத் தராமல் விட்டது என்று பழைய பாக்கியையெல்லாம் எடுத்தேன். பாவம், கேரியரிலிருந்து வேறொரு பேப்பரை உருவிக் கொடுத்தார். அதிலும் அதே மாதிரி, கட்டத்தின் நடுப்பக்கம் கோடுகள் உள்வாங்கி வளைந்திருந்தன. அப்படியானால் அச்சடிக்கிற இடத்திலேயே கோளாறு என்று தீர்ப்புச் சொன்னேன்.

"ஊரு பூரா இதே பேப்பருதாங்க போவுது. வேற யாரும் ஒண்ணும் சொல்லலியே," என்று சொல்லிவிட்டு அவர் சைக்கிளை மிதித்தார்.

ஊரில் வேறு யார் குறுக்கெழுத்தை என் அளவுக்குப் பார்க்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். அந்தத் திமிர் எனக்கு எப்போதும் உண்டு. விருத்தாசலத்தில் அந்தக் கட்டத்தைத் தினமும் முழுதாக முடிக்கிற ஒரே ஆள் நான்தான் என்று வைத்திருந்தேன். சரிபார்க்க வழியில்லாததால் அது எனக்கு வசதியாகவும் இருந்தது.

அந்தப் பேப்பரின் குறுக்கெழுத்து மற்ற பேப்பர்களில் வருவதுபோல் சின்னப் பிள்ளை விளையாட்டு இல்லை. அதைப் போடுகிற புண்ணியவான் யாரென்று தெரியாது. புனைபெயருக்குப் பின்னால் ஒளிந்திருந்தார். இடமிருந்து வலம், மேலிருந்து கீழ் என்றால் பரவாயில்லை. அவர் பாதிச் சொற்களை வலமிருந்து இடமாகவும் கீழிருந்து மேலாகவும் ஓட விடுவார். நேரே போகிற சொல்லையும் சும்மா விட மாட்டார். 'தேரோட்டி, கடைசியில் குழம்பிவிட்டான்' என்பார். சாரதி என்று எழுதினால் குறுக்கே வரும் சொல் இடிக்கும். கடைசி இரண்டு எழுத்தையும் இடம் மாற்றி 'சாதிர' என்று எழுத வேண்டும். அவரை மனதுக்குள் திட்டிக்கொண்டே முடிப்பதில் எனக்கு ஒரு சுகம். வீட்டுக்காரர் பெண்ணாடத்தில் சர்க்கரை ஆலையில் குமாஸ்தா. அவர் காபியோடு மற்ற பக்கங்களைப் படித்துவிட்டு பஸ்ஸுக்கு ஓடுவார். குறுக்கெழுத்து இருக்கிற தாளை மட்டும் தனியாகப் பிரித்து என்னிடம் தந்துவிட வேண்டும் என்பது வீட்டுச் சட்டம். பத்தாம் வகுப்புப் படிக்கிற எங்கள் மகளுக்குக்கூட அதைத் தொட அனுமதி கிடையாது.

பேப்பர்காரரிடம் சண்டை போட்டதற்கு அடுத்த வாரம், வாசல் பெருக்கும்போது வலது கண்ணில் தூசு விழுந்தது. எங்கள் தெருவில் இது புதிதல்ல. பீங்கான் கம்பெனிகளுக்குக் களிமண் ஏற்றிப் போகிற லாரி ஒன்று போனால் அரை மணி நேரத்துக்கு வெள்ளைத் தூசுதான். முந்தானையைச் சுருட்டி வலது கண்ணை அழுத்திப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்து, இடது கண்ணால் குறுக்கெழுத்துக் கட்டத்தைப் பார்த்தேன். நடுவில் கோடுகள் ஒன்றை ஒன்று இழுத்துக்கொண்டு குழிந்திருந்தன. அந்தக் குழிக்குள் ஒரு கட்டத்தையே காணவில்லை. காணாமல் போன இடத்தில் அழுக்குச் சாம்பல் நிறத்தில் ஏதோ இருந்தது. இடது கண்ணை மூடி வலது கண்ணைத் திறந்தேன். எரிச்சலில் தண்ணீர் வழிந்தாலும் கோடுகள் ஸ்கேல் வைத்துப் போட்டதுபோல் நேராக நின்றன. மறுபடி இடது கண். மறுபடி குழி.

பேப்பரை மடித்து அரிசி டப்பாவுக்குப் பின்னால் செருகினேன். அது கண்ணுக்குத் தெரியாமல் இருந்தால் விஷயமே இல்லாமல் போய்விடும் என்று நினைத்தேனோ என்னவோ.

நான் ஏன் அப்படிப் பயந்தேன் என்று சொல்லவேண்டும். எனக்கு இரண்டாம் வகுப்பிலிருந்தே கண்ணாடி. சோடா புட்டி என்றுதான் பள்ளிக்கூடத்தில் கூப்பிடுவார்கள். அம்மாவுக்கும் அதே கனத்தில் கண்ணாடி. அந்த அம்மாவின் பார்வை, என் கல்யாணத்துக்கு முன்பே போய்விட்டது. முழு இருட்டு இல்லை. சுவரோரமாகப் போகிற ஆள் தெரியும், எதிரே வந்து நிற்கிறவரின் முகம் தெரியாது. அதனால் யாரையும் நேராகப் பார்க்காமல், முகத்தைத் திருப்பி ஓரக்கண்ணால் பார்ப்பாள். ஊரில் அதைத் தலைக்கனம் என்றார்கள். சோற்றில் கல் இருந்தால் பல்லில் பட்டபிறகுதான் தெரியும். என் கல்யாணத்தன்று என் கழுத்தையும் முகத்தையும் தடவிப் பார்த்து, நகை சரியாக இருக்கிறதா என்று பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டாள். அந்தக் கை என் முகத்தில் ஊர்ந்தது எனக்கு அப்போதே பிடிக்கவில்லை. அம்மாவை நினைத்தால் எனக்குப் பாசம் வரும், அதற்கு முன்னால் பயம் வரும்.

வேலையும் கண்ணை நம்பித்தான். சேலம் ரோட்டுப் பக்கம் ஒரு பீங்கான் கம்பெனியில் சார்ட்டிங் பார்த்தேன். சூளையிலிருந்து வெளிவருகிற ஃபியூஸ் கட்டைகளை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்து, மயிரிழை விரிசலோ, மேல்பூச்சில் ஊசித்துளையோ இருந்தால் ஒதுக்க வேண்டும். இப்போது ஒவ்வொன்றையும் வலது கண் பக்கமாகக் கொண்டுபோய்ப் பார்த்தேன். சந்தேகமாக இருந்தால் ஒன்றோடு ஒன்றைத் தட்டினேன். நல்லது கணீர் என்னும், விரிசல் விட்டது சட்டிபோல் சத்தம் தரும். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் என்னக்கா, கோயில் மணி அடிக்கிறாயா என்று கேலி செய்தாள். சிரித்து வைத்தேன்.

யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் உண்மையாகிவிடும். தினமும் காலையில் பேப்பர் வந்ததும், குறிப்புகளைப் படிப்பதற்கு முன் வலது கண்ணைப் பொத்திக்கொண்டு வெறும் கட்டத்தைப் பார்ப்பேன். குழி நேற்றைவிடப் பெரிதா, அதே அளவா? சில நாள் சின்னதாகத் தெரியும், அன்றைக்குச் சட்னி நன்றாக வரும். சில நாள் பக்கத்துக் கட்டத்தையும் சேர்த்து விழுங்கியிருக்கும். கட்டத்தில் மட்டுமா? ஜன்னல் கம்பி, குளியலறை டைல்ஸ், மின்கம்பம் என்று நேராக எது நின்றாலும் ஒற்றைக் கண்ணால் அளந்தேன். பஸ் ஸ்டாண்டில் ஒரு ஆள் நான் தன்னைப் பார்த்துக் கண்ணடிக்கிறேன் என்று நினைத்து முறைத்தார். அரசாங்கம் கொடுத்த கலர் டிவியில் செய்தி வாசிக்கிற பெண்ணின் மூக்கு ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டிருந்தது. அதைப் பார்த்ததும் எழுந்துபோய் அணைத்துவிட்டேன்.

இதற்குக் காரணத்தையும் நானே கண்டுபிடித்திருந்தேன். சூளைச் சுவரில் எட்டிப் பார்க்கிற ஓட்டை ஒன்று உண்டு. உள்ளே பென்சில் முனை மாதிரி சிறு சிறு கூம்புகளை நட்டு வைத்திருப்பார்கள். சூடு ஏற ஏற அவை தலை சாயும். சாய்ந்துவிட்டால் வேகவைத்தது போதும் என்று அர்த்தம். அதைப் பார்ப்பது என் வேலையே இல்லை. ஆனாலும் அந்த வெள்ளை நெருப்புக்குள் கூம்பு குனிவது அழகாக இருக்குமென்று அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் எட்டிப் பார்ப்பேன். சூளையில் வேலை செய்கிறவர்கள் கண் எரிச்சலுக்கு ஒரு வைத்தியம் செய்வார்கள். ஈரமான வெள்ளைக் களிமண்ணைத் துணியில் வைத்து மூடிய கண் மேல் கட்டிக்கொண்டு படுப்பார்கள். நெருப்பு கடித்த கண்ணிலிருந்து சூட்டை மண் இழுத்துவிடும் என்பது அவர்கள் நம்பிக்கை. நானும் கொஞ்சம் மண்ணை வீட்டுக்குக் கொண்டுவந்து, ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் கட்டிக்கொண்டு படுத்தேன். குளுகுளுவென்று இருக்கும். எடுத்துவிட்டுப் பார்த்தால் ஜன்னல் கம்பி வளைந்தே நிற்கும். கண்ணில் என்ன என்று வீட்டுக்காரர் கேட்டால் தூசு என்பேன். எங்கள் ஊரில் அதற்கு மேல் யாரும் கேள்வி கேட்பதில்லை.

மகள்தான் என்னைப் பிடித்தாள். அவளுக்கும் சோடா புட்டிதான், அவள் வயதில் எனக்கிருந்ததைவிடக் கனம் அதிகம். ஒரு காலை நான் வழக்கம்போல் வலது கண்ணைப் பொத்திக்கொண்டு இருந்தபோது பின்னால் வந்து நின்றிருக்கிறாள்.

"ஏம்மா, தெனம் ஒத்தக் கண்ணாலயே பாக்கற? அப்பத்தான் விடை தெரியுமா?" என்று கேட்டுவிட்டு, தானும் விளையாட்டாக ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு கட்டத்தின் மேல் குனிந்தாள். குனிந்தவள் முகத்தைச் சுளித்தாள்.

கண்ணாடியில் கை ரேகை பட்டதற்காகச் சுளித்திருக்கிறாள். எனக்கு அதெல்லாம் யோசிக்க முடியவில்லை. அவள் தோளைப் பிடித்து உலுக்கினேன். "கோடு நேரா இருக்குதாடி? வளையுதா? சொல்லு."

அவள் மிரண்டுபோனாள். "நேராத்தாம்மா இருக்குது. ஏன், ஒனக்கு வளையுதா?"

வீட்டுக்காரர் காபி டம்ளரோடு அப்படியே நின்றார். இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன், அழுகைதான் வந்தது. எத்தனை நாளாக என்று அவர் கேட்டார். சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நானும் நாலு வார்த்தை பேசியிருப்பேன். அவர் பையிலிருந்து சாப்பாட்டு டப்பாவை வெளியே எடுத்து சமையல் மேடையில் வைத்தார்.

"கெளம்பு. பாண்டிக்குப் போவலாம்," என்றார்.

உடனே புதுச்சேரி பஸ் ஏறினோம். நெய்வேலி தாண்டும்போது, இந்த வயல்களையெல்லாம் நன்றாகப் பார்த்துக்கொள் என்று எனக்குள் யாரோ சொன்னார்கள். அந்த நினைப்பே பிடிக்காமல் கண்ணை மூடிக்கொண்டேன். மூடினால் அம்மாவின் ஞாபகம் வந்தது. திறந்துகொண்டேன். வடலூர் போகிறவரை இதே வேலைதான்.

கண் ஆஸ்பத்திரியில் சொட்டு மருந்து விட்டு, கண் பாப்பா விரிவதற்காக உட்கார வைத்தார்கள். வெளிச்சம் கூச ஆரம்பித்ததும் அருகில் இருந்தவர்களின் முகமெல்லாம் கரைந்தது. வீட்டுக்காரரின் சட்டையைப் பிடித்துக்கொண்டேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் பொது இடத்தில் நான் அப்படிச் செய்ததில்லை. அவர் என் கையை எடுத்துவிடவில்லை.

டாக்டரம்மா சின்ன வயதுதான். ஒரு கண்ணை மூடச் சொல்லி, ஒரு அட்டையை நீட்டினார். அதைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. குறிப்பும் இல்லாமல், கறுப்புக் கட்டமும் இல்லாமல், வெறும் சதுரம் சதுரமாகக் கோடுகள். நடுவில் ஒரு புள்ளி. புள்ளியை மட்டும் பாருங்கள், சுற்றியுள்ள கோடு எப்படித் தெரிகிறது என்று சொல்லுங்கள் என்றார். எந்த இடத்தில் உள்வாங்குகிறது, எங்கே மறைகிறது, எந்த ஓரம் இன்னும் நேராக இருக்கிறது என்று அளந்து சொன்னேன். இவ்வளவு துல்லியமாக எப்படித் தெரியும் என்று கேட்டார். குறுக்கெழுத்தைச் சொன்னேன்.

பிறகு விளக்கினார். கண்ணாடியின் பவர் மிக அதிகமாக இருக்கிறவர்களில் சிலருக்கு விழித்திரை மெலிந்து, அதற்கு அடியில் வேண்டாத ரத்தக்குழாய் முளைத்துக் கசியும். சூளையும் காரணமில்லை, நெருப்பும் காரணமில்லை. களிமண் கட்டியதால் ஒரு பயனும் இல்லை, நல்லவேளை கெடுதலும் இல்லை. ஒரு கண்ணில் மட்டும் வந்தால் மற்றக் கண் சமாளித்துக்கொண்டு போகும். அதனால் பெரும்பாலும் படிக்கவே முடியாமல் போனபிறகுதான் வருவார்கள்.

"கோடு வளையறதுதாம்மா மொதல்ல தெரியும். அதைத்தான் யாரும் கண்ணுல கோளாறுன்னு நெனைக்கறதில்ல," என்றார்.

அப்போதுதான் அந்த வாசல் நிலை ஞாபகம் வந்தது. கம்மாபுரம் பக்கத்தில் எங்கள் பிறந்த வீட்டுக்கு அப்பா புது வாசல் நிலை வைத்தார். அம்மாவுக்கு அப்போது கண் நன்றாக இருந்தது, அல்லது நன்றாக இருந்தது என்று நாங்கள் நினைத்தோம். நிலை நின்றதும் அம்மா ஆசாரியிடம் சண்டைக்குப் போனாள். கால் கோணலாக இருக்கிறது, நடுவில் வயிறு தள்ளியிருக்கிறது என்றாள். ஆசாரி தூக்குக்குண்டு கட்டித் தொங்கவிட்டார். நூலும் மரமும் ஒட்டி நின்றன. அம்மா ஒப்புக்கொள்ளவில்லை; நூலும் சேர்ந்து கோணலாகத்தான் தொங்குகிறது என்றாள்.

"நெல நேராத்தான் நிக்கிது. கோணலு ஒங்க கண்ணுலதாம்மா," என்றார் ஆசாரி.

எல்லோரும் சிரித்தோம். அப்பா சிரித்தார், நானும் சிரித்தேன். அம்மா அதற்குப் பிறகு நிலையைப் பற்றிப் பேசவே இல்லை. அந்த வாசலில் நுழையும்போதெல்லாம் அவள் என்ன பார்த்தாள், எவ்வளவு பயந்தாள் என்று யாரும் கேட்கவில்லை. பயந்துதான் பேசாமல் இருந்திருப்பாள். பயந்தவள் எப்படிப் பேசாமல் இருப்பாள் என்பது இப்போது எனக்குத் தெரியும். டாக்டரம்மாவின் மேஜை மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதேன். ஊசிக்குப் பயந்து அழுகிறேன் என்று அவர் நினைத்து, வலிக்காது என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

ஊசிக்கும் பயந்தேன்தான். கண்ணுக்குள் ஊசி என்றால் யார் பயப்பட மாட்டார்கள்? அந்த வைத்தியம் அப்போதுதான் புதிதாக வந்திருந்தது. முளைத்த குழாயை வற்ற வைக்கலாம், போன பார்வை முழுதாகத் திரும்பும் என்று சொல்ல முடியாது என்றார்கள். மரத்துப்போக மருந்து விட்டு, இமை மூடாமலிருக்க ஒரு கம்பியை மாட்டி, மேலே பார்க்கச் சொன்னார்கள். ஊசி வருவதைப் பார்க்காமல் இருக்கலாம் என்று எண்ணியிருந்தேன். மூட முடியாத கண்ணால் எதைப் பார்க்காமல் இருப்பது? ஒரு அழுத்தம், அவ்வளவுதான். உடனே பார்வைக்குள் மை கலந்த தண்ணீர் மாதிரி ஏதோ சுருண்டு சுருண்டு இறங்கியது. கண் போய்விட்டது என்றே நினைத்தேன். நான் போட்ட கத்தலில், மருந்து கலக்கிறது அம்மா, பயப்படாதீர்கள் என்று நர்ஸ் என் காலைப் பிடித்துக்கொண்டாள்.

மாதா மாதம் போய்ப் போட்டுக்கொண்டோம். கசிவு நின்றது. குழி ஆழம் குறைந்து, ஒரு சின்ன நெளிவாகத் தங்கிவிட்டது. இடது கண்ணால் மட்டும் படித்தால் சொல்லின் நடு எழுத்துக்கு ஒரு கால் குறையும். வலது கண் நன்றாக இருக்கிறது. வேலையை விடவில்லை. பேப்பர்காரரிடம் மன்னிப்புக் கேட்டேன், அவருக்கு அந்தச் சண்டை ஞாபகமே இல்லை. கடைசியாகப் பார்த்தபோது டாக்டரம்மா மகளின் கண்ணையும் சோதித்தார். இப்போது ஒன்றுமில்லை, பவர் அதிகம், எல்லோருக்கும் வந்துவிடாது, ஆனாலும் அடிக்கடி ஒவ்வொரு கண்ணாலும் கட்டத்தைப் பார்த்துக்கொள்ளட்டும் என்றார். எனக்கு அந்த 'ஆனாலும்' மட்டும்தான் காதில் விழுந்தது.

அன்றிலிருந்து வீட்டுச் சட்டம் மாறியது. பேப்பர் வந்ததும் குறுக்கெழுத்துத் தாள் முதலில் மகளுக்கு. அவள் ஒரு கண்ணைப் பொத்தி நேரா என்பாள், மறு கண்ணைப் பொத்தி நேரா என்பாள், பிறகு தாளை என்னிடம் தருவாள். இந்த இரண்டு சொல்லுக்கும் நடுவில் எனக்கு உயிர் இருக்காது. டெஸ்ட் இருக்கிற நாளில்கூட விட மாட்டேன். தோழிகள் முன்னால் செய்யச் சொன்னதற்காக ஒரு முறை கோபித்துக்கொண்டு சாப்பிடாமல் ஸ்கூலுக்குப் போனாள். மறுநாள் மறுபடி நீட்டினேன்.

ஒரு காலை, வலது கண்ணைப் பொத்தி நேரா என்றாள். இடது கண்ணைப் பொத்தினாள். கட்டத்தை இன்னும் பக்கத்தில் கொண்டுபோனாள். நெற்றியைச் சுருக்கினாள். நான் அடுப்படியில் கரண்டியோடு நின்றிருந்தேன். கரண்டியிலிருந்து மாவு தரையில் சொட்டியது. அவளும் ஒருநாள், எதிரே வந்து நிற்கிறவரின் முகத்தை ஓரக்கண்ணால் பார்ப்பதுவரை, அவள் கை அவள் பெற்ற பிள்ளையின் முகத்தில் ஊர்வதுவரை என் கண் முன்னால் தெரிந்தது.

"நங்கூரம்," என்றாள் மகள்.

என்னவென்றே புரியவில்லை எனக்கு.

"கப்பலை நிறுத்தும், கீழிருந்து மேல். நங்கூரம்மா. ஒனக்கு முன்னாடி நான் கண்டுபுடிச்சிட்டேன்."

என் வாயில் அதுவரை வராத வார்த்தையெல்லாம் வந்தது. நேரா, கோணலா என்று முதலில் சொல்லித் தொலைக்க மாட்டாயா, உன்னை யார் விடை கேட்டது என்று தெரு முழுக்கக் கேட்கும்படி கத்தினேன். அவள் விழித்தபடி நேராத்தாம்மா இருக்குது என்றாள். அப்புறம் என் முகத்தைப் பார்த்துவிட்டு, இன்னொரு முறை கண்ணைப் பொத்திக்கொண்டு, நேராத்தான் இருக்குதும்மா என்று மெதுவாகச் சொன்னாள். தாளை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தேன். நங்கூரம் சரிதான். எழுதலாம் என்று பேனாவைத் திறந்தேன், எழுதாமல் அவளிடம் நீட்டினேன். அதையும் அவளையே எழுதச் சொன்னேன்.